பையோடு ஒரு கடற்பயணம்

காங்கேசன்துறைத் துறைமுகத்தை எங்களில் பலர் முள்ளுக்கம்பிக்கு இப்பால் நின்றுதான் பார்த்திருக்கிறோம். உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த அந்தப் பக்கத்திற்கு நாகபட்டினத்திலிருந்து 2023 ஒக்டோபர் 14இல் பயணிகள் கப்பல் வந்தது. சில நாட்களில் சேவை நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. அடுத்த மாதமே நானும் அயல்வீட்டு அக்காவும் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம்.

அக்காவுக்கு ஒரு நேர்த்திக்கடன். அதோடு, தையலில் மிச்சம் பிடித்த காசுக்குச் சேலை வாங்கிவந்து ஊரில் விற்கும் யோசனையும் இருந்தது.

தடங்கல் இங்கேயே வந்துவிட்டது. எல்லாப் பைகளும் ஊடுகதிர் இயந்திரத்துக்குள்ளால் போகவேண்டும். அக்காவின் கைப்பை வந்ததும் திரையைப் பார்த்திருந்த பிள்ளை நிறுத்திவிட்டாள். உள்ளே சத்தகம்! அக்காவின் அம்மா பனையோலை வார வைத்திருந்தது.

"இதை ஏனம்மா கொண்டு போறியள்?"

"இடம்பெயர்ந்த இடமெல்லாம் கூடவே வந்தது, பிள்ளை."

கூரான எதையும் கையோடு கொண்டு ஏறமுடியாது. நல்லகாலம், சாமான் பகுதிக்குப் போகும் பெரிய பைக்குள் அதை மாற்ற விட்டார்கள். புறப்படுமுன் கைப்பையை ஒருதரம் கொட்டிப் பார்த்துவிடுங்கள், சகோதரிகளே. கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் பெரிய பைக்குள்தான். அங்கும் ஏற்பார்களா என்று முதலே கேட்பது நல்லது.

ஏறக்குறைய நாலு மணித்தியாலக் கடல். எனக்குத் தலைசுற்று, அக்கா யன்னலை விட்டு அசையவில்லை.

வேளாங்கண்ணியில் மல்லிகைக் கன்றொன்றுக்கு ஆசைப்பட்டேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியும் நோயற்றது என்ற சான்றிதழும் இல்லாமல் கன்று, விதை கொண்டுவர முடியாது. விடுதிக்கார அம்மாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது சுங்கத்தில் அக்காவின் பையைத் திறந்தார்கள். ஒரே மாதிரிச் சேலை பன்னிரண்டு. சொந்தப் பாவனைக்கு என்றால் சலுகை உண்டு, விற்பனைக்கு என்றால் தீர்வை.

"விக்கவோ அம்மா?"

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். "ஓம் தம்பி, விக்கத்தான்," என்றார் அவர். கடைத்துண்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தபடியால் விலையில் வாக்குவாதம் வரவில்லை. தீர்வை கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினோம். துண்டில்லாமல் வந்திருந்தால் அதிகாரி போடும் விலைதான் விலை.

பேருந்தில் அக்கா கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். நினைத்த இலாபத்தில் அரைவாசிகூட இல்லை. "அடுத்தமுறை தீர்வையையும் சேர்த்துப் பார்த்துத்தான் வாங்கவேணும்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சேலையைத் தொடவில்லை. பெரிய பையின் அடியில் கைவிட்டுச் சத்தகத்தைத்தான் முதலில் எடுத்தார்.