சரளும் கரம்பையும்

சித்திரை 20

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருக்கிறது இந்தப் புன்செய். அப்பா காலத்தில் கம்பும் கடலையும் விளைந்த நிலம். கிணறு வற்றியதும் தரிசாகி, வேலிக்காத்தான் அடைத்துக்கொண்டது. இன்று ஜேசிபி வந்தது. விறகுக்காரர், வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றார். "வேண்டாம் அண்ணாச்சி, தூரோட பிடுங்கிருவோம்" என்றேன். வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கே தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். மரம் அவருடைய கரிமூட்டத்துக்குப் போகிறது. இந்த முள்ளை எல்லோரும் திட்டுகிறோம். ஆனால் வானம் பொய்த்த வருஷங்களில் விருதுநகர் மாவட்டத்துச் சம்சாரி வீடுகள் பலவற்றில் கரிக்காசில்தான் உலை கொதித்தது.

வைகாசி 15

செம்மண், அரையடி தோண்டினால் சரள். எவ்வளவு மழை பெய்தாலும் ஈரம் தங்குவதில்லை. இதற்கு இங்குள்ளவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் கண்மாய்க் கரம்பை. 2024-இல் அதை அள்ள அனுமதி தரும் அதிகாரம் தாசில்தாருக்கே வந்துவிட்டதால் கலெக்டர் ஆபீஸ்வரை அலைய வேண்டியதில்லை. புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் அள்ளலாம். மண்ணுக்குக் காசில்லை, டிராக்டர் வாடகையும் ஏற்றுக்கூலியும்தான் செலவு.

கரம்பையை அடித்ததும் பரப்பிவிட நினைத்தேன். பக்கத்துக் காட்டுப் பெரியவர் தடுத்தார். "குமியலாவே கிடக்கட்டும் தம்பி. வெயில்ல வெந்து, ஒரு மழைக்கு உதிரட்டும். ஈரத்தோட உழுதா ஓடு மாதிரி இறுகிப்போகும்."

கரம்பை புதுச் சரக்கு ஒன்றுமில்லை. மேட்டுக்காடுகளிலிருந்து மழை கழுவிக்கொண்டுபோன மேல்மண்தான் கண்மாயில் படிந்து கிடக்கிறது. நம்மிடமிருந்து போனதை வண்டி வாடகை கொடுத்துத் திரும்பக் கொண்டுவருகிறோம். அப்படியானால் கண்மாயைத் தூர்வாருவதும் காட்டைத் திருத்துவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். இதைக் கணக்கில் எடுக்காமல் வரப்புக்குள் மட்டும் இயற்கை விவசாயம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

ஆடி 18

பலதானிய விதைப்பு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய முறை. தானியம், பயறு, எண்ணெய்வித்து, தழையுரச் செடி, நறுமணப்பயிர் எனக் கலந்து விதைத்து, பூப்பூக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டும். கம்பு, குதிரைவாலி, உளுந்து, தட்டை, எள், ஆமணக்கு, சணப்பு, கொத்தமல்லி எல்லாம் போட்டேன். கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் மானாவாரி நிலத்துக்கு விலையுயர்ந்த இடுபொருள் பொருந்தாது என்று கண்டு வேலையை விட்டவர் அவர். அந்த நிலையம் இங்கிருந்து தூரமில்லை. அவர் பார்த்த மானாவாரிப் பாடு எங்கள் பாடும்தான்.

ஆவணி 9

ராத்திரி பன்றி இறங்கிவிட்டது. ஓரத்துக் கடலைப் பாத்தியைக் கிண்டிப் போட்டிருக்கிறது. அரசின் புது ஏற்பாட்டில் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடும். புலிக்கு இரை வேண்டும், நியாயம்தான். 1988-இல் இந்த மலையில் சாம்பல் நிற அணிலுக்காக அமைந்த சரணாலயம் 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதிகம் இழப்பவன் முதல் கிலோமீட்டர்க்காரன். அவனுக்கு நிவாரணமாவது அலையவிடாமல் கையில் வந்து சேர வேண்டாமா?

பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். ஒரு காலத்தில் பன்றி வேட்டைக்குப் போன ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலையே வெளியிட்டார்கள். இப்போது அதன் குட்டி விலையைக் கேட்டால் சேலையே போதும் என்று தோன்றுகிறது.

புரட்டாசி 6

மடக்கி உழுதாயிற்று. கரம்பை விழுந்த இடத்தில் கொழுமுனை வழுக்கிக்கொண்டு போகிறது; விழாத இடத்தில் இன்னும் கரகரப்புதான். சாயங்காலம் கண்மாயின் வரத்துக்காலைப் பார்க்கப் போனேன். பாதித் தூரம் முள், மீதி பிளாஸ்டிக். ஓர் இடத்தில் யாரோ மேடாக்கி வண்டிப்பாதை போட்டிருக்கிறார்கள். மலையில் எவ்வளவு பெய்தாலும் இந்தக் கோலத்தில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேராது. கண்மாய் நிறையாவிட்டால் என் கிணறும் ஊறாது.

ஐப்பசி மழைக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது. இந்தக் கண்மாயில் ஆயக்கட்டு உள்ளவர்கள் வீட்டுக்கு ஒருவராக மண்வெட்டியோடு வந்தால் போதும். மேடாக்கிய பாதையை அகற்றக் கேட்கும் மனுவை நான் எழுதிவைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவாவது வாருங்கள்.