மீன் கண்ணும் என் கண்ணும்

விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஐஸ் நொறுக்கும் சத்தம், டீசல் புகை, ஏலக் கூச்சல், உப்புக் காற்று. நல்ல கண்ணே கரிக்கும். எனக்கோ ஆறு மாதமாகக் கண்ணில் மணல் அரைக்கிறது. கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிறவனுக்கு 3 எது, 8 எது என்று தெரியாவிட்டால் உத்தியோகம் என்னாவது?

மீன்கார அக்கா வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினார். "கண்ணப் பாரு நைனா, பளபளன்னு கீது!" அப்புறம் என்னைப் பார்த்தார். "உன் கண்ணு இன்னா, நாலு நாள் ஐஸ்ல கெடந்த சங்கரா மாதிரி கீது? எக்மோர் கண்ணாஸ்பத்திரிக்குப் போ. எங்க வூட்டுக்காரரு அங்கதான் காட்னாரு."

1819-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி. போனேன்.

"கண் உலர்ந்துபோச்சு" என்றார் டாக்டர்.

"தண்ணியா கொட்டுதே சார்!"

"அதுவும் உலர்ச்சியாலதான். கண்ணீர் மேல எண்ணெய்ப் படலம் இருக்கணும். இமை ஓரச் சுரப்பி அடைச்சுக்கிட்டா கண்ணீர் சீக்கிரம் ஆவியாயிடும். அந்த எரிச்சல்லதான் தண்ணி கொட்டுது."

பி.காம். மூளைக்குப் பளிச்சென்று புரிந்தது. வரவில் குறையில்லை, செலவுதான் ஜாஸ்தி! சொட்டு மருந்து, இமைக்கு வெந்நீர் ஒத்தடம், திரையைப் பார்க்கையில் மறக்காமல் கண் சிமிட்டுவது. கடைசி மருந்து இலவசம்; ஆனால் அதுதான் மறந்துபோகிறது.

அக்காவிடம் சொன்னேன். "மீனுக்கு இமை இல்ல, தண்ணியிலயே கீது. நீ கரையில கீறே. சிமிட்டு நைனா!"

சிமிட்டினேன். பக்கத்துக் கூடைக்காரம்மா முறைத்தார்.