நியூயார்க்குக்கு எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து நியூயார்க் வானவழியில் சுமார் 13,500 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ மாறிப் போனால் 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எங்கள் தெருவிலிருந்து முதன்முறையாக ஒரு தங்கை மேற்படிப்புக்குப் போனாள். வழியனுப்பப் போன எங்களில் ஒருவரும் விமானம் ஏறியதில்லை. “எத்தனை நாள் ஆவும்?” என்றார் அவளுடைய அம்மா. அங்கே கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடும், இங்கே விடியற்காலை கிளம்பினால் அங்கே அதே நாள் சாயங்காலம் இறங்கிவிடலாம் என்று விளக்கினோம். இன்னும் குழம்பிப்போனார்.

1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் அண்ணல் அம்பேத்கர் இதே நியூயார்க்குக்குக் கப்பலில் வாரக்கணக்கில் போனார். இன்று ஒரு நாள்கூட ஆகாது என்று பெருமையாகச் சொல்லலாம்தான். ஆனால் தோழர்களே, சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றுக்கும் 14 கிலோமீட்டரில் இருக்கும் அலுவலகத்துக்கு அவளோடு நாங்கள் 11 முறை போனோம். பேருந்தில் போக ஒரு மணி, வர ஒரு மணி. காத்திருந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. “ஐயா மீட்டிங்ல இருக்காரு, நாளைக்கு வாங்க.” உதவித்தொகைக்கான கடைசித் தேதி போனது, அதோடு ஒரு வருடமும் போனது.

நள்ளிரவு ஒரு மணிக்கு வாட்ஸ்அப் வந்தது: “எறங்கிட்டேங்க்கா.” அம்மாவை எழுப்பிச் சொன்னோம். “அங்க இப்போ பகலா?” என்றார்.