ஆடியில் பாசிக்குடாவுக்கு

ஏப்ரல் வந்தால் கொழும்பே நுவரெலியாவுக்கு ஏறி வந்துவிடுகிறது. மலையில் பிறந்த நாம் எப்போது கடலுக்கு இறங்குகிறோம்? பெரும்பாலும் தீபாவளியை ஒட்டித்தான். தோட்டத்தில் முற்பணம் கையில் கிடைப்பது அப்போது. வேலைநாள் பேர் போகுமே என்ற கவலையில்லாமல் சேர்ந்தாற்போல் நாலு நாள் நிற்க முடிவதும் அப்போது. நாலு வீட்டார் சேர்ந்து வேன் பிடித்துக் கிழக்கே போவார்கள். அங்கே வாடைக்கால மழை தொடங்கியிருக்கும், கடல் கலங்கிக் கிடக்கும். பிள்ளைகள் வேன் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

கிழக்குக்குப் போக வேண்டியது ஆடி, ஆவணியில். ஹட்டனில் லயத்துக் கூரை ஒழுகி, கம்பளியை அடுப்படியில் காயப்போடும் அதே நாட்களில் பாசிக்குடாக் கடல் குளம்போல அடங்கிக் கிடக்கும். இரண்டுக்கும் காரணம் ஒரே காற்று. அந்தக் காற்று போகும் திசையிலேயே நமக்கு ஒரு சாலையும் இருக்கிறது.

தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை முதலில் கொட்டுவது மலையின் மேற்குச் சரிவில். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது அதனால்தான். ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஏ-7 வீதியில் ஏறும்போது வைப்பர் நிற்காது. டெவன் அருவியும் சென் கிளேயர் அருவியும் பனிமூட்டத்தில் தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நுவரெலியாவில் ஏ-5 வீதியைப் பிடிக்க வேண்டும். பேராதனையில் தொடங்கி பதுளை வழியாகச் செங்கலடி வரை போகிற வீதி அது. 1,868 மீற்றர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு அதுவே நம்மை இறக்கிவிடும்.

சீதாஎலிய கோயிலில் கும்பிட்டுவிட்டு ஹக்கல தாண்டிய பிறகு வெளியே கவனித்துப் பாருங்கள். வெலிமடைக்கு இறங்க இறங்க மழை விட்டுவிடும். ஈரத்தை மேற்கே இறக்கிவிட்ட காற்று, கிழக்குச் சரிவில் நூறு மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு பாகை சூடாகிறது. வெலிமடைப் பக்கம் காய்ந்த புல்மேடுகளும், நீர் பாய்ச்சி வளர்க்கும் உருளைக்கிழங்குப் பாத்திகளும் அதற்குச் சாட்சி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைக்கு வாசனை ஏறுவது தை, மாசியில். ஊவாவில் இந்த வறண்ட காற்றடிக்கும் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. உலகச் சந்தையில் ஊவா தேயிலைக்கு உள்ள பெயர் இந்தக் காற்று கொடுத்தது.

பதுளையில் மலைநாட்டு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. 1924இல் அதுவரை வந்த தண்டவாளம் அதற்கு அப்பால் நகரவில்லை. ரயிலில்தான் மட்டக்களப்புக்குப் போவேன் என்று அடம்பிடித்தால் பொல்கஹவெலைக்கு இறங்கி, மாஹோ, பொலன்னறுவை என்று தீவை அரைவட்டம் அடிக்க வேண்டும். பிள்ளைகுட்டியோடு போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

பசறை, லுணுகலைப் பகுதி கவனத்துக்குரியது. 2021 மார்ச்சில் பசறை பதின்மூன்றாம் கட்டையில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 14 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். இரவுச் சாரதியை நம்பி இந்த வளைவுகளில் இறங்காதீர்கள். விடியற்காலையில் ஹட்டனை விட்டால் பகல் வெளிச்சத்திலேயே இதைக் கடந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் மண்சரிவுப் பயமும் சேர்ந்துகொள்ளும். மீரியபெத்தை லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29இல், தீபாவளி முடிந்து சில நாட்களில். அது இதே பதுளை மாவட்டம்தான்.

பிபிலையில் தோடம்பழம், மகாஓயாவில் வெந்நீர் ஊற்று. அதற்கப்பால் காடு. புல்லுமலை வரை யானை குறுக்கிடும் இடம், ஆகையால் பொழுது சாய்வதற்குள் தாண்டிவிட வேண்டும். கரடியனாறு கடந்து வரும் கறுத்தப் பாலத்தோடு, செங்கலடிப் பக்கமிருந்த இராணுவத்தின் கட்டுப்பாடு போர்க்காலத்தில் முடிந்தது. ஆண்டுக்கணக்காக மலைநாட்டார் இந்த வழியாகக் கடலுக்குப் போவது அரிதாக இருந்தது. இன்று செங்கலடிச் சந்தி வரை வேன் நேராக ஓடுகிறது. மலையிலிருந்து கூடவே இறங்கி வந்த காற்று இங்கே அனலாக அடிக்கும். மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்பார்கள். ஸ்வெட்டரைச் சுருட்டி ஆசனத்துக்கு அடியில் போட்டுவிடுங்கள்.

செங்கலடியில் வடக்கே திரும்பினால் வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான், அதற்கடுத்துக் கல்குடா. நீச்சல் தெரியாத நம் பிள்ளைகளுக்குப் பாசிக்குடாதான் பொருத்தம். வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் அங்கே உண்டு. பக்கத்திலிருக்கும் கல்குடாக் கடற்கரை அப்படியல்ல, அங்கே இறங்க விடாதீர்கள். நடுப்பகலில் கச்சான் வெயில் மண்டையைப் பிளக்கும் என்பதால் கடல் காலையிலும் மாலையிலும் மட்டும்.

போருக்குப் பிறகு பாசிக்குடாக் கரையில் வரிசையாக எழுந்த ஹோட்டல்களில் அறை வாடகை டொலர்க் கணக்கு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அந்த ஹோட்டல் ஒன்றில் ஓரிரவு தங்க எத்தனை நாள் மலைக்குப் போக வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மணலும் கடலும் எல்லாருக்கும் பொது. தங்குவதற்குக் கல்குடாவிலோ வாழைச்சேனையிலோ வீட்டு அறைகளை விசாரியுங்கள்.

ஆடியில் காசு இருக்காது என்பதுதான் நம் ஆட்களின் பதில். உண்மைதான், முற்பணம் ஐப்பசியில்தான் வரும். ஆனால் தை மாதம் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு சீட்டுத் தொடங்கினால் ஆடிக்குள் வேன் வாடகை சேர்ந்துவிடும். தீபாவளிக் காசில்தான் போவோம் என்பவர்கள் மார்கழி வரை பொறுத்து, கிழக்கை விட்டுவிட்டுத் தெற்கே ஹிக்கடுவைப் பக்கம் போகலாம். அங்கே அப்போதுதான் கடல் அடங்கும்.

ஆடி அமாவாசை எந்தத் தேதியில் வருகிறதென்று இப்போதே கலண்டரில் பாருங்கள். அன்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தம். கடலோடு அதையும் சேர்த்துக்கொண்டால் வீட்டுப் பெரியவர்கள் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.