ரிவர் கிளைடு: ஒரு கரிக்கப்பலின் கணக்கு

எங்கள் பி.காம் பாடத்தில் 'வாயேஜ் அக்கவுண்ட்' என்று ஒரு அத்தியாயம் உண்டு. காமர்ஸ் படிக்காத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சரக்குக் கப்பல் ஒருமுறை போய்வந்தால் லாபமா நஷ்டமா என்று பார்க்கும் கணக்கு அது. இடது பக்கம் கரிச் செலவு, துறைமுகக் கட்டணம், மாலுமிகள் சம்பளம், இன்சூரன்ஸ், தேய்மானம். வலது பக்கம் சரக்குக் கட்டணம். அவ்வளவுதான். கணக்கில் வரும் கப்பல் பெயருக்கு முன்னால் 'எஸ்.எஸ்.' என்று இருந்தது. அது என்ன என்று தேடப்போய் (நீராவிக் கப்பல் என்று அர்த்தமாம்) எஸ்.எஸ். ரிவர் கிளைடில் மாட்டிக்கொண்டேன். அன்றைக்குக் கணக்கு போட்டபாடில்லை.

ஸ்காட்லாந்தின் போர்ட் கிளாஸ்கோவில் 1905-ல் கட்டிய நிலக்கரிக் கப்பல் அது. சுமார் 3,900 டன். அழகு, வேகம் எதுவும் கிடையாது. பத்து வருடம் சரக்கு சுமந்தது. முதல் உலகப்போர் வந்ததும் பிரிட்டிஷ் அரசு வணிகக் கப்பல்களைக் கையகப்படுத்த ஆரம்பித்தது. பொதுவாக, டன்னுக்கு மாதம் இவ்வளவு என்று முதலாளிகளுக்கு வாடகை உண்டு. அப்படிக் கடற்படை வேலைக்கு வந்து கோவேறு கழுதைகளை ஏற்றிக்கொண்டிருந்த இந்தக் கப்பல்மீது, 1915 ஏப்ரலில் கமாண்டர் எட்வர்ட் அன்வின் கண் பட்டது.

துருக்கியின் கல்லிப்போலி முனையில் படைகளை இறக்க வேண்டும். திறந்த படகில் போனால் சுட்டுத் தள்ளிவிடுவார்கள். அன்வின் சொன்ன யோசனை: கப்பலையே கொண்டுபோய்க் கரையில் மோதி நிறுத்துவோம், வீரர்கள் உள்ளே ஒளிந்திருக்கட்டும். பழைய டிராய் நகரம் ஜலசந்திக்கு எதிர்க்கரையில்தான் இருக்கிறது. மரக்குதிரைக் கதை அவர்களுக்கு ஞாபகம் வராமல் இருக்குமா!

கப்பலின் இரண்டு பக்கமும் வாசல்கள் வெட்டினார்கள். முன்பக்கம் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இயந்திரத் துப்பாக்கிகள். மறைவாக இருக்க மணல் நிறப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்து, அதையும் முழுதாக முடிக்கவில்லை. உள்ளே சுமார் 2,000 பேர், நிறையப் பேர் அயர்லாந்துக்காரர்கள்.

ஏப்ரல் 25 காலை கப்பல் தரைதட்டியது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் இறங்கி நடக்க முடியாத ஆழம். பாலமாக நிற்கவேண்டிய சின்ன நீராவிப் படகு விலகிப்போய்விட்டது. 51 வயது அன்வினும் வில்லியம்ஸ் என்ற மாலுமியும் தண்ணீரில் குதித்து, தட்டைப் படகுகளை இழுத்துக் கயிற்றைக் கையாலேயே பிடித்து நின்றார்கள். அந்தப் பாலத்தில்தான் வீரர்கள் ஓடினார்கள். வாசலைவிட்டு வெளியே வந்தவர்கள் வரிசையாக விழுந்தார்கள். கரையில் இருந்த துருக்கியர் சில நூறு பேர்தான். ஆனால் அது அவர்கள் மண். குறி பார்த்து வைத்துக் காத்திருந்தார்கள். வில்லியம்ஸ் தண்ணீரிலேயே குண்டடிபட்டு இறந்தார். உள்ளே மிச்சம் இருந்தவர்கள் இருட்டும்வரை அந்த இரும்புப் பெட்டிக்குள் காத்திருந்தார்கள்.

கப்பலைச் சேர்ந்த ஆறு கடற்படையினருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அதில் ட்ரூரிக்கு வயது 20, மேலெசனுக்கு 18. என்னைவிடச் சின்னவர்கள். இதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். ட்ரூரி அந்தக் கரையில் பிழைத்து, 1918-ல் ஸ்காபா ஃப்ளோவில் கப்பலில் நடந்த விபத்தில் இறந்துபோனார். போர் முடிய மூன்று மாதம்தான் பாக்கி.

மரக்குதிரைக் கதை இங்கே பலிக்கவில்லை. ஆனால் கப்பல் அதே இடத்தில் கிடந்தது. அடுத்த மாதங்களில் அலைதடுப்பாக, இறங்குதுறையாக, காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டும் இடமாக. 1916 ஜனவரியில் படைகள் கல்லிப்போலியைவிட்டுப் போனபோதும் அங்கேதான் இருந்தது.

இந்தப் பயணத்துக்கு வாயேஜ் அக்கவுண்ட் எப்படிப் போடுவது? முயற்சி செய்து பார்த்தேன். வலது பக்கம் எழுத ஒன்றுமில்லை. இடது பக்கம் எழுதவேண்டியதற்குப் பாடத்தில் தலைப்பே இல்லை. 'மாலுமிகள் சம்பளம்' என்ற இடத்தில் வில்லியம்ஸை எழுத முடியுமா?

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். 1919-ல் அதை மிதக்கவிட்டு, மால்டாவில் பழுதுபார்த்து, 1920-ல் ஸ்பெயின்காரர்களுக்கு விற்றார்கள். 'ஏஞ்சலா' என்று பெயர். பிறகு 'மருஹா இ அவுரோரா'. இரண்டு பெண்களின் பெயர்! ஒரு காலை நேரப் புகழை ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் நாற்பத்தைந்து வருடம் சரக்கு ஏற்றி இறக்கிச் சம்பாதித்தது. நினைவுச் சின்னமாகக் காப்பாற்ற ஒரு முயற்சி நடந்தது, பலிக்கவில்லை. 1966-ல் ஸ்பெயினின் அவிலெஸ் துறைமுகத்தில் உடைத்தார்கள்.

நான் விட்டுவந்த கணக்கில் கப்பலின் ஆயுள் 20 வருடம் என்று கொடுத்திருந்தது. அதன்படி பார்த்தால் கல்லிப்போலியில் ரிவர் கிளைடின் மதிப்பு பாதி. 1925-ல் பூஜ்யம். அது ஓடியது 61 வருடம்.

திங்கட்கிழமை இன்டர்னல் டெஸ்ட். அந்தக் கணக்கை இன்னும் முடிக்கவில்லை.