கடல்நடுவே பூசை

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளி வானம் பார்த்த பூமி. மழைக்காலத்தன்றிக் குடகனாற்றில் நீரோடக் காண்டல் அரிது. ஒரு குடம் நன்னீருக்குக் கிணற்றடியிற் காத்திருத்தல் அவ்வூரார்க்குப் புதிதன்று. மலையடிவாரத்துக் காளத்தீசுவரர் சந்நிதியும் அபிராமியம்மை சந்நிதியுமே உலகமென்றிருந்த ஒரு குடும்பத்தினர், கண்ணுக்கெட்டிய மட்டும் நீரேயாகிய இடத்தில் நாட்கழிக்க நேர்ந்தது.

நாகப்பட்டினத்தினின்று பினாங்குக்குக் கப்பல்கள் ஓடிய காலம் அது. 1926-இல் கட்டப்பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்த 'ரஜூலா'வை மலேயா சென்ற தமிழருள் அறியாதார் சிலரே. இவர்கள் ஏறியது வேறொரு கப்பல். பெரியவரும் மனைவியாரும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும், பினாங்கிற் கடை வைத்திருந்த மகனிடம் செல்வாராய், புகைவண்டியில் நாகையடைந்து, காயாரோகணப் பெருமானை வழிபட்டுப் படகேறினர். கப்பல் கரையை அணுகமாட்டாது தொலைவில் நங்கூரமிட்டு நின்றது. அதிபத்த நாயனார் வலைவீசிய கடல் இதுவென்று பெரியவர் பேரனுக்குக் காட்டினார். கடல்கடத்தல் ஆகாதென்று ஊரில் தடுத்தாரும் உளர். 1025-ஆம் ஆண்டையொட்டி இராசேந்திர சோழன் படை கடாரம் சென்றதும் இக்கடல் வழியே என்பதை அவர்கள் எண்ணிலர் போலும்!

தளத்திற் பாய் விரித்த இடமே வீடாயிற்று. முதல் நாள் தலைசுற்றலிற் கழிந்தது. மறுநாள் பிள்ளைகள் பறவைமீன் துள்ளுவதை எண்ணத் தொடங்கினர். அவர்கள் அப்பத்தா அண்டைப் பாயிலிருந்த தஞ்சாவூர்ப் பெண்டிரோடு உறவு கொண்டாடினார். பெரியவர்க்கே நாள் நகரவில்லை. அவர் விசேட தீட்சை பெற்றவர். ஆன்மார்த்த பூசை முடியாமல் உணவு கொள்ளாதவர். வில்வம் உலர்ந்தாலும் பூசைக்கு ஆகும். அபிடேக நீருக்கு என் செய்வது? நன்னீர் வேளை குறித்து ஆளுக்கு அளந்து கிடைத்தது. தம் பங்கினைப் பூசைக்கு வைத்து அவர் நாவறண்டிருந்தார். மூன்றாம் நாட் காலை அலை மிகுந்து, வைத்திருந்த செம்பும் கவிழ்ந்தது.

அவர் உண்டிலர், அதனால் அம்மையாரும் உண்டிலர். பொழுது சாய்ந்தது. "மாமா, என் பங்கு தண்ணீர் இருக்கிறது" என்றாள் மருமகள். "அது பிள்ளைகள் குடிக்கும் நீர்" என்று மறுத்துவிட்டார்.

அப்பொழுது அம்மையார் கேட்டார்: "நாள்தோறும் அபிடேகத்துக்கு முன் சிறிது நேரம் கண்மூடி இருக்கின்றீர்களே, அது என்ன?"

"அகப்பூசை. இதயத்திற் பூசையும், உந்தியில் ஓமமும், புருவநடுவில் தியானமும் செய்வது."

"அதற்கு எத்தனை செம்பு நீர் செல்லும்?"

பெரியவர் விடை கூறிற்றிலர். திருநின்றவூர்ப் பூசலார் நினைவினாற் கோயில் எடுத்ததையும், மயிலை வாயிலார் மனத்தால் வழிபட்டதையும் பலகாற் பிறர்க்கு எடுத்துரைத்தவர் அவர். புறப்பூசைக்கு முன் அகப்பூசையை விதித்த ஆகமம் அதனை விரைந்து முடித்தற்குரிய முகவுரையாக விதிக்கவில்லை. சாதனங்கள் கைவரப்பெற்றார் சோம்பலாற் புறப்பூசையைக் கைவிடுதற்கு இதனைக் காட்டாகக் கொள்ளுதல் தகாது, அது வேறு.

அவர் கண்மூடி அமர்ந்தார். பெருமான் திருமேனி உடனே தோன்றவில்லை. திண்டுக்கல்லில் வீட்டுக் கிணற்றின் உருளையொலியே முதலிற் கேட்டதென்று பின்னாளில் அவரே சொன்னார். அக்கிணற்றினின்றே நீரை முகந்து முகந்து ஆட்டினாராம். விண்மீன்கள் தோன்றிய பின்னரே எழுந்தார். இருவரும் உண்டனர். கரை காணும்வரை அவர் பூசை அவ்வாறே நடந்தது.

பினாங்கில் மகன் அவர்களைத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றான். பழனிக்கு அணித்தாகிய ஊரினின்று வந்தவர்க்கு அங்கும் தண்டாயுதபாணியே காட்சியளித்தான். இறங்கிவரும்பொழுது பேத்தி எங்கோ ஓடி, ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பாட்டனார் கையிற் கொடுத்தாள். அவர் அதனை வாங்கி, முதலில் மனைவியாரைக் குடிக்கச் சொன்னார்.