பழுப்பு நிறம்

வரைவதாயின் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைக என்னும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவுரையை மாணவர்க்குப் பன்முறை ஓதிக்கொடுத்த நாம், ஐம்பதைக் கடந்த பின்னரே தைல வர்ணம் தொட்டோம். இருப்பதோ நெய்வேலி, எதிரே சுரங்கம். மேலே செம்மண், அடியில், 1961இல் முதன்முதல் வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரி. அம்மண்ணையும் கரியையுமே அரைத்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்தோம். ஐரோப்பிய ஓவியர் ‘வான்டைக் பழுப்பு’ என்றதும் இவ்வினக் கரிமண்ணே. செம்மண் சில நாளில் காய்ந்தது. கரியோ மாதம் கடந்தும் விரலில் ஒட்டிற்று. அவ்வெண்ணெய் ஆவியாகி உலர்வதன்று, பிராணவாயுவை ஏற்று இறுகுவது. கரி அதனைத் தாமதப்படுத்துமாம். இதனை முன்பே படித்திருக்கலாம்!

சுரங்கத்துக்கு நிலம் போன சிற்றூரில் பிறந்தவர் நம் துணைவியார். படத்தை நெடுநேரம் நோக்கியவர், “மரம் வரையலாம் என்பீர்களே, எங்கள் புளியந்தோப்பு எங்கே?” என்றார். அத்தோப்பை நாம் கண்டதில்லை. கரியைச் சுரண்டிவிட்டு, அவர் சொல்லச் சொல்ல வரைந்துவருகிறோம்.